ஸ்ட்ராபெரி: கடும் வெயில், அடைமழை, உறைபனி மூன்றும் மாறி மாறி வரும் இடத்தில் செடியைக் காப்பது எப்படி?

கொல்லைப்புறம் எழுதியது:

வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்தில் தரைமட்டப் பாத்தி. களிப்பாங்கான மண், பி.எச். 6.8. நட்டது 36 செடி. பாதி சாண்ட்லர் ரகம், பாதி ஆல்பியன் ரகம். ரன்னர்கள் (தாய்ச்செடியிலிருந்து தரையில் ஓடும் கொடிகள்) ஆங்காங்கே வேர்விட்டதில் இப்போது 60-க்கு மேல் இருக்கும். இதுபோக 20 செ.மீ. தொட்டிகளில் ஆறு செடி. தண்ணீர் சற்று உப்பு. தினமும் மாலையில் ஹோஸ் பிடித்து மேலிருந்து தெளிப்பது வழக்கம்.

சிக்கல் பருவத்துக்கு ஒன்றாக வருகிறது.

வெயில் காலத்தில் பகல் 35 முதல் 38 டிகிரி வரை பல வாரம் நீடிக்கிறது. இலை ஓரம் காய்கிறது, பூ நின்றுவிடுகிறது, ரன்னர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அடுத்து மழை. நாலைந்து நாள் விடாமல் பெய்த பிறகு, மண் ஈரமாக இருக்கும்போதே சில செடிகள் துவண்டு தொங்குகின்றன. பழுக்கும் பழத்தில் சாம்பல் நிறத்தில் பூசணம். குளிர் காலத்தில் சில இரவுகள் மைனஸ் 1, மைனஸ் 2 வரை இறங்குகிறது. அடுத்த நாள் பூவின் நடுப்பகுதி கறுத்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் காய்களும் கோணல்மாணலாக இருக்கின்றன.

இவற்றில் எது வானிலையால் வருவது, எது நோய்? பசுமைக்குடில் போடும் வசதி இல்லை. இருக்கும் பாத்தியை வைத்தே எதை முதலில் சரி செய்ய வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

---

மண்வெட்டி எழுதியது:

முதலில் மண்ணையும் கிரௌனையும் கவனியுங்கள். வெயிலும் பனியும் அந்தப் பருவத்துப் பூவைத்தான் எடுத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீர் செடியையே எடுத்துவிடும்.

இலைக்காம்புகள் எல்லாம் ஒன்றுகூடும் குட்டையான, தடித்த தண்டுதான் கிரௌன். அதிலிருந்துதான் இலை, பூங்கொத்து, ரன்னர், புதுவேர் எல்லாமே கிளம்புகின்றன. அதன் நடுப்பகுதி மண்மட்டத்தோடு சரியாக நிற்க வேண்டும். மண் மேலேறிக் குருத்தை மூடினால் அழுகும்; வேர் தொடங்கும் இடம் வெளியே தெரிந்தால் காயும். தரைமட்டப் பாத்தியில் ஒரு பெருமழை பெய்தாலே சேறு தெறித்துக் குருத்தில் படிந்துவிடும். மழை விட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு குருத்திலும் படிந்த சேற்றைத் தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி விரலால் ஒதுக்குவது.

ஈரமண்ணில் செடி துவளுகிறது என்றால் வேரோ கிரௌனோ செயலிழந்துவிட்டது என்று பொருள். அப்போது மேலும் தண்ணீர் ஊற்றுவது நிலைமையை மோசமாக்கும். துவண்ட செடி ஒன்றை வேரோடு எடுத்து, கிரௌனைக் கத்தியால் நெடுக்குவாக்கில் பிளந்து பாருங்கள்.

உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் கிரௌன் நலம். வேர் மட்டும் மூச்சுமுட்டியிருக்கிறது. வடிகால் கிடைத்தால் மீளும். உள்ளே வெள்ளையும் செங்கல் நிறமும் கலந்து திட்டுத்திட்டாக இருந்தால் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயால் வரும் கிரௌன் அழுகலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே சீரான பழுப்பாகி மிருதுவாக இருந்தால் ஈரமண்ணில் பரவும் பைட்டோப்தோரா என்ற அழுகல் கிருமியைச் சந்தேகிக்கலாம். இந்த இரண்டில் எதுவானாலும் செடியைச் சுற்றியுள்ள ஒரு கை மண்ணோடு சேர்த்து அகற்றுங்கள். மட்கு உரக் குழியில் போடாதீர்கள். அந்தத் தாய்ச்செடியின் ரன்னர்களையும் வளர்க்காதீர்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நோயைத் தூக்கிக்கொண்டு வரும்.

வடிகால் எப்படி என்று அளந்து பார்க்கலாம். 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் குழி வெட்டி நிறையத் தண்ணீர் விட்டு, முழுக்க வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ. கூட இறங்காவிட்டால் அந்த மண்ணில் தரைமட்டப் பாத்தி கூடாது.

உங்கள் இடத்துக்கு மேட்டுப்பாத்திதான் சரி. அகலம் 90 செ.மீ., உயரம் 25 முதல் 30 செ.மீ. இரண்டு வரிசை, வரிசைக்கு இடையே 30 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ., முக்கோண நடவு. 3 மீட்டரில் 20 செடி வரும். 60 செடி இருந்த இடத்தில் 20 என்றால் குறைவாகத் தோன்றும். ஆனால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து கிடக்கும் பாத்தியில் மழைநீர் மதியம் வரை காயாது. பூசணத்துக்கு வேண்டியது அதுதான். நெருக்கத்தைக் குறைக்காமல் மருந்து மட்டும் தெளிப்பது வீண்.

பாத்தியை 25 செ.மீ. உயரத்துக்கு நிரப்ப ஏறக்குறைய 675 லிட்டர் மண்கலவை தேவைப்படும். மேல்மண் மூன்று பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கு. களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகிவிடும் என்று பலர் சொல்வதுண்டு. செய்யாதீர்கள். மணல் பெரும்பங்காக இல்லாதவரை அது களியோடு சேர்ந்து இறுகத்தான் செய்யும். மட்கு உரம்தான் களியை இளக்கும். பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, பள்ளமான பக்கமாக வெளியே விடுங்கள். வாய்க்கால் வெளியேற வழியில்லாவிட்டால் அதுவே குளமாகி, கீழிருந்து ஈரம் ஏறும்.

பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. 6.8 என்பது அவசரமாகத் திருத்த வேண்டிய அளவு அல்ல. குருத்திலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு போட்ட இடம் என்றால் மூன்று, நான்கு ஆண்டு இடைவெளி விட்டே ஸ்ட்ராபெரி நடுங்கள். வெர்ட்டிசிலியம் வாடல் நோய் இந்த எல்லாப் பயிருக்கும் பொது. மண்ணில் பல ஆண்டு கிடக்கும்.

---

தூறல் எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரி. வெயில் பக்கத்தை மட்டும் நான் சொல்றேன்.

பூ நின்னுபோனது நோய் இல்லைங்க. சாண்ட்லர் குறும்பகல் ரகம். பகல் நீளம் சுமார் 14 மணி நேரத்துக்குக் குறையும்போது, இல்லேன்னா குளிர் இருக்கும்போதுதான் பூமொட்டு கட்டும். நீண்ட பகல், சூடு ரெண்டும் சேர்ந்தா ரன்னர்தான் ஓட்டும்; அது அதோட சுபாவம். ஆல்பியன் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாது. ஆனா 30 டிகிரிக்கு மேல தொடர்ந்து போச்சுன்னா அதுவும் புது மொட்டு கட்டாது. அதனால 38 டிகிரியில பழம் எதிர்பார்க்காதீங்க. அந்த மாசங்கள்ல செடி உயிரோட, நல்ல கிரௌனோட தாண்டினா போதும். அரைகுறையா வர்ற பூவையும் கிள்ளிடுங்க. அந்தச் சூட்டுல மகரந்தமும் வீரியமா இருக்காது, பழம் சின்னதா, கொழகொழன்னுதான் வரும்.

ரன்னரை வாரத்துக்கு ஒருதடவை அடியோட கத்தரிங்க. புதுச்செடி வேணும்னா நல்லா காய்ச்ச, நோயில்லாத தாய்ச்செடியில மட்டும் ரெண்டு ரன்னர் விடலாம். ரன்னர்ல ஒரு கணு விட்டு ஒரு கணுவுலதான் குட்டிச்செடி வரும். முதல் குட்டியை 8 செ.மீ. தொட்டியில கம்பி வளைச்சுக் குத்தி உட்கார வைங்க, அதைத் தாண்டி ஓடுறதை வெட்டிடுங்க. அஞ்சாறு வாரத்துல வேர் நல்லா பிடிச்சதும் தாயிலேர்ந்து பிரிக்கலாம்.

நிழல்வலை 30 முதல் 40 சதவீதம். 50-க்கு மேல போகாதீங்க, செடி நெட்டையா, இலையா வளரும். செடிக்கு மேல குறைஞ்சது 1 மீட்டர் உயரத்துல கட்டுங்க, பக்கவாட்டை மூடாதீங்க. தாழக் கட்டினா உள்ள சூடு தேங்கும். மேற்குப் பக்கம் மட்டும் ஒரு கீற்றுத் தட்டியோ வலையோ சாய்வா நிறுத்தினா மூணு மணி வெயில் அடங்கும். பகல் வெப்பம் 30-க்குக் கீழ இறங்கினதும் வலையைக் கழட்டிடணும். நிறைய பேர் அப்படியே விட்டுடறாங்க. பூ குறையுறதுக்கு அது ஒரு காரணம்.

மூடாக்குக்கு வைக்கோல் 5 முதல் 8 செ.மீ. தடிமன். கிரௌனைச் சுத்தி ரெண்டு விரல் அகலம் வெறுமையா இருக்கணும். கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் உங்க வெயிலுக்கு வேண்டாம், மேல் மண்ணைக் கொதிக்க வெச்சிடும். வேர்ல பெரும்பங்கு மேல் 15 செ.மீ.லதான் இருக்கு.

தண்ணி விஷயத்துக்கு வருவோம். சாயங்காலம் மேலேர்ந்து தெளிக்கிறதை இன்னையோட நிறுத்துங்க. ராத்திரி முழுக்க இலை ஈரமா இருக்கும். உப்புத் தண்ணியா இருந்தா இலையிலேயே உப்பு படியும். சொட்டுநீர்க் குழாய் ரெண்டு வரிசை, 30 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 2 லிட்டர் விடுறது போதும். 3 மீட்டர் பாத்தியில மொத்தம் 20 சொட்டுவான், மணிக்கு 40 லிட்டர். கடும் வெயில்ல சதுர மீட்டருக்கு நாளைக்கு 5 முதல் 7 லிட்டர் போகும். உங்க பாத்திக்கு 16 லிட்டர்னு வெச்சுக்கிட்டா 25 நிமிஷம். காலையில விடுங்க. 36-ஐத் தாண்டுற நாள்ல அதையே ரெண்டாப் பிரிச்சு காலையில 15, மதியம் ஒரு மணிக்குள்ள 10 நிமிஷம். குளிர்காலத்துல வாரத்துக்கு மொத்தமா சதுர மீட்டருக்கு 25 லிட்டர் போதும். மழை பெஞ்ச வாரம் அதையும் விடுங்க.

இலை காயுறதுல மூணு வகை இருக்கு, பிரிச்சுப் பார்க்கணும்.

பழைய இலையோட ஓரம் மொறமொறன்னு பழுப்பாச்சுன்னா உப்பு, இல்லேன்னா தண்ணி பத்தலை. ஸ்ட்ராபெரி உப்புக்கு ரொம்ப பலவீனமான பயிர். மண்ணோட உப்புநிலை (மின்கடத்துதிறனை வெச்சு அளக்கிறது) மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் இறங்க ஆரம்பிக்கும். தொட்டியில இது சீக்கிரம் ஏறும். ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை மழைத்தண்ணியோ நல்ல தண்ணியோ தொட்டிக் கொள்ளளவைப் போல ரெண்டு மடங்கு ஊத்தி அடியில ஓடவிடுங்க.

விரியுற குருத்திலையோட நுனி கறுத்துச் சுருங்கினா கால்சியம் போய்ச் சேரலைன்னு அர்த்தம். மண்ணுல கால்சியம் இருந்தும் இது வரும். ராத்திரியில வேரழுத்தம், அதாவது வேர் தண்ணியை மேல தள்ளுற அழுத்தம், இருந்தாத்தான் கால்சியம் குருத்து வரைக்கும் ஏறும். விடியக்காலையில போய் இலையோட ஒவ்வொரு பல் நுனியையும் பாருங்க. முத்து கோத்த மாதிரி நீர்த்துளி நின்னா வேர் நல்லா வேலை செய்யுது. சுத்தியுள்ள புல்லுல பனி இல்லாத நாள்லயும் அது நிக்கும், அதனால பனித்துளின்னு குழப்பிக்க வேண்டாம். பல நாளா அந்தத் துளியே இல்லைன்னா ராத்திரியில மண் காயுது, இல்ல வேர் கெட்டிருக்கு.

இலை மந்தமா, வெண்கல நிறத்துல மாறி அடியில நுண்ணிய வலை தெரிஞ்சா சிவப்பு சிலந்தி. 10 மடங்கு லென்ஸ்ல ரெண்டு கரும்புள்ளியோட ஓடும். சூடும் வறட்சியும் இருந்தா ஒரே வாரத்துல பெருகிடும். காலையில இலையோட அடிப்பக்கத்துல தண்ணியைப் பீச்சி அடிங்க, மூணு நாளைக்கு ஒருதடவை, வெயில் ஏறுறதுக்குள்ள காயுற மாதிரி. அடங்கலைன்னா வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., ஒட்டுறதுக்கு சோப்புக் கரைசல் 1 மி.லி., வெயில் தாழ்ந்தப்புறம், பூ இல்லாத நேரத்துல. கந்தகத் தூள் 30 டிகிரிக்கு மேல தெளிச்சா இலை கருகும். வேப்பெண்ணெய் தெளிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் தொடவே கூடாது.

தொட்டி 20 செ.மீ. சின்னது. வெயில்ல பக்கச்சுவர் சூடாகி வேர் வேகும். 25 அல்லது 30 செ.மீ. தொட்டிக்கு மாத்துங்க, வெளிர் நிறமா இருக்கட்டும். கறுப்புத் தொட்டியா இருந்தா வெளியில ஈரச்சாக்கு சுத்துங்க.

---

கொல்லைப்புறம் எழுதியது:

துவண்டதில் மூன்று செடிகளைப் பிளந்து பார்த்தேன். இரண்டில் செங்கல் நிறத் திட்டு. ஒன்று வெள்ளையாக இருக்கிறது, ஆனால் வேர்நுனிகள் கறுத்திருக்கின்றன. இலை காய்வது பழைய இலையின் ஓரத்தில்தான். மேட்டுப்பாத்தி போட்டுவிடலாம்.

பனிக்கும் மழைக்கும் இன்னும் விடை வேண்டும். வீட்டில் தெளிந்த பாலித்தீன் ஷீட் இருக்கிறது. அதையே இரவில் செடிமேல் நேரடியாகப் போர்த்தலாமா? இரவெல்லாம் தண்ணீர் தெளித்தால் பூ பிழைக்கும் என்கிறார்களே, அதைச் செய்யலாமா? மூடிவைத்தால் தேனீ எப்படி வரும்?

---

வேர்முடிச்சு எழுதியது:

பாலித்தீனை நேரடியாகப் போர்த்த வேண்டாம். தெளிந்த மெல்லிய பாலித்தீன் மண்ணிலிருந்து எழும் வெப்பக்கதிரைப் பெருமளவு வெளியே விட்டுவிடும். ஷீட்டைத் தொடும் பூ ஷீட்டின் குளிரிலேயே உறையும். நெய்யாத பயிர்ப்போர்வைத் துணி வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 20 கிராம் எடையுள்ளது ஏறக்குறைய 1 டிகிரி காக்கும்; 30 கிராம் 2 டிகிரி, 50 கிராம் 3 டிகிரி வரை. உங்கள் மைனஸ் 2-க்கு 50 கிராம் துணி. இல்லாத பட்சத்தில் பழைய பருத்திப் போர்வையும் உதவும், நனையாமல் இருக்கும் வரை.

பூ எந்தக் குளிரில் சாகும் என்பது அது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குருத்துக்குள் இறுக மூடிய மொட்டு மைனஸ் 5 வரை தாங்கும். வெள்ளை எட்டிப்பார்க்கும் மொட்டு மைனஸ் 2, 3. விரிந்த பூ மைனஸ் 1-லேயே போய்விடும். பச்சைக்காய் மைனஸ் 2 வரை. ஆகவே எல்லா இரவும் மூட வேண்டியதில்லை. விரிந்த பூ இருக்கும் இரவுகள்தான் முக்கியம்.

வெப்பமானியை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். காற்றில்லாத, மேகமில்லாத இரவில் கனத்த குளிர்காற்று தரையில் வந்து படியும். தலை உயரத்தில் 2 டிகிரி காட்டும்போது பூ உயரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கக்கூடும். பூ நிற்கும் உயரத்தில், தரையிலிருந்து 15 செ.மீ.யில் ஒரு வெப்பமானியைக் கட்டுங்கள். வானிலை அறிவிப்பில் 3 டிகிரி அல்லது அதற்குக் கீழ் சொல்லி, வானமும் தெளிவாக இருந்தால் மூடிவிடுவது நல்லது.

மூடும் முறை இது. 6 மி.மீ. கம்பியையோ அரை அங்குலக் குழாயையோ வளைத்து 75 செ.மீ.க்கு ஒன்றாக நடுங்கள். வளைவின் உச்சி பாத்தியிலிருந்து 45 செ.மீ. துணி பூவைத் தொடக்கூடாது. விளிம்பு நான்கு பக்கமும் தரைவரை வந்து கல்லோ மண்ணோ வைத்து அடைபட்டிருக்க வேண்டும். குடைபோல் மேலே மட்டும் போட்டால் பயனில்லை, ஏனென்றால் காப்பது துணியின் சூடல்ல, பகலில் மண் சேமித்த சூடு. அதனாலேயே இருட்டிய பிறகு மூடினால் பாதி வெப்பம் போயிருக்கும். மாலை நாலரை, ஐந்துக்கே மூடுங்கள். முந்தின நாள் காலையில் மண்ணுக்கு, மண்ணுக்கு மட்டும், நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த, பொலபொலவென்ற மண்ணைவிட ஈரமண் கூடுதல் வெப்பம் சேமிக்கும்.

காலையில் பனி உருகியதும், பூஜ்யத்துக்கு மேலே ஏறியதும் திறந்துவிடுங்கள். தேனீ கேள்விக்கு அதுவே விடை: பத்து மணிக்கு மேல்தான் அவை வரும், அதற்குள் பாத்தி திறந்திருக்கும். மூடியே வைக்க வேண்டிய நாளில் மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பூவிலும் ஓரத்து மகரந்தப் பைகளையும் நடுக்கூம்பையும் சேர்த்து இரண்டு சுற்று சுற்றுங்கள். காலை 10 முதல் 2 மணிக்குள் செய்வது நல்லது; மகரந்தம் உலர்ந்து உதிரும் நேரம் அது.

இரவெல்லாம் தண்ணீர் தெளிப்பது பெரிய பண்ணைகளின் முறை. தண்ணீர் உறையும்போது வெளியிடும் வெப்பம் பூவைப் பூஜ்யத்தை ஒட்டி நிறுத்திவைக்கும். ஆனால் ஒரு நிமிடமும் நிற்காமல், பனிக்கட்டி முழுக்க உருகும் வரை தெளித்தாக வேண்டும். பாதியில் நின்றாலோ காற்று வீசினாலோ ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும். தெளிக்காமல் விட்டதைவிடப் பூ அதிகமாகச் சாகும். வீட்டு ஹோஸை நம்பி இதில் இறங்காதீர்கள்.

நடு கறுத்த பூவைக் கிள்ளி எறியுங்கள். இதழ் வெள்ளையாகவே இருக்கும், நடுக்கூம்பு மட்டும் கறுத்திருக்கும், அது காய்க்காது. ஒவ்வொரு பூங்கொத்திலும் முதலில் விரியும் பூதான் பெரிய பழமாவது. பனி பெரும்பாலும் அதைத்தான் பிடிக்கும். அடுத்து வரும் இரண்டும் அதற்கடுத்த நான்கும் பின்தங்கி மொட்டாக இருப்பதால் தப்பிவிடும். கொத்தையே வெட்டிவிடாதீர்கள்.

கோணல் காய்க்குக் காரணம் பனி மட்டும் அல்ல. காயின் மேலுள்ள விதைகளை உற்றுப் பாருங்கள். சப்பையான பக்கத்தில் விதைகள் பொடிப்பொடியாக, வளராமல் இருந்தால் அங்கே மகரந்தம் சேரவில்லை. மழையோ குளிரோ தேனீயைத் தடுத்திருக்கும். நுனி சுருங்கி, ஆனால் அங்குள்ள விதைகள் மற்றவற்றின் அளவுக்கே பெரிதாக இருந்து நெருங்கிக் கிடந்தால் சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சியின் வேலை. முதல் வகைக்குத் தூரிகை, இரண்டாவதற்குப் பூங்கொத்தை வெள்ளைத் தட்டின்மேல் தட்டிப் பார்த்துப் பூச்சியைப் பொறுக்குவது.

இனி மழை. பாலித்தீன் ஷீட்டை இங்கே பயன்படுத்துங்கள். அதேபோன்ற, ஆனால் இன்னும் உயரமான வளைவுகளின்மேல், உச்சி 70 செ.மீ. வரும்படி கட்டி, இரு பக்கமும் அடியில் 30 செ.மீ. திறந்தே விடுங்கள். முனைகளும் திறந்திருக்கட்டும். தண்ணீர் தேங்கித் தொங்காதபடி இழுத்துக் கட்ட வேண்டும். மழை விட்டதும் சுருட்டிவிடுங்கள். வெயில் அடிக்கும்போது மூடியே இருந்தால் உள்ளே புழுங்கி, மழையில் நனைந்ததைவிட அதிக ஈரம் நிற்கும். தேனீ பக்கவாட்டில் நுழைந்துகொள்ளும்.

சாம்பல் நிறப் பூசணம் பாட்ரைடிஸ். பழத்தில் தெரிவது பிந்தித்தான். அது உள்ளே புகுவது பெரும்பாலும் பூவில். 15 முதல் 25 டிகிரி வெப்பமும் அரை நாளுக்கு மேல் காயாத ஈரமும் போதும். பூவில் நுழைந்து, காயாக இருக்கும்வரை வெளியே தெரியாமல் கிடந்து, பழம் இனிக்கத் தொடங்கும்போது பொங்கும். ஆகவே பூசணம் கண்ட பழத்தைப் பார்த்து மருந்து தேடினால் காலம் கடந்துவிட்டது. பூக்கும் காலத்தில் இலை, பூ காய்ந்திருப்பதுதான் தடுப்பு. காய்மேல் ஒட்டிக்கிடக்கும் வாடிய இதழ்களை ஊதிவிடுங்கள். காய்ந்த இலைகளைக் காம்போடு நீக்குங்கள். கெட்ட பழத்தைப் பாத்தியில் போடாமல் பைக்குள் போட்டு முடிந்து வெளியேற்றுங்கள். நல்ல பழத்தை முதலில் பறித்துவிட்டுக் கெட்டதைப் பிறகு தொடுங்கள், கையே பரப்பும்.

பழத்தில் வட்டமாக, குழிந்த, கெட்டியான கரும்பழுப்புப் புள்ளி வந்தால் அது ஆந்த்ராக்னோஸ். உங்கள் கிரௌனில் செங்கல் திட்டு இருப்பதால் இதை எதிர்பார்த்தே இருங்கள். மழைத்துளி தெறிப்பில்தான் பரவும். வைக்கோல் மூடாக்கும் மேற்கூரையும் தெறிப்பை அடக்கும். நனைந்த செடிக்குள் கை விடாதீர்கள்.

அடைமழை வரும் என்று தெரிந்தால் முக்கால் சிவந்ததை எல்லாம் முன்கூட்டிப் பறித்துவிடுங்கள். பறித்த பின் நிறம் கொஞ்சம் ஏறும், இனிப்பு ஏறாது. ஆனாலும் மழையில் விட்டு வெடித்து அழுகுவதைவிட அது மேல். கழுவாமல் குளிர்பெட்டியில் வையுங்கள், சாப்பிடும்போது கழுவினால் போதும்.

---

மண்வெட்டி எழுதியது:

வேர்முடிச்சு சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வைக்கோல் மூடாக்கு வெயிலுக்கும் மழைக்கும் நல்லது; உறைபனி இரவில் அது எதிராக வேலை செய்யும். மண்ணின் சூடு மேலே வராமல் தடுத்துவிடுவதால், வைக்கோலுக்கு மேலே பூ நிற்கும் காற்று வெறும் மண்ணின் மேலிருப்பதைவிடக் குளிர்ந்துவிடும். பூக்கும் காலத்தில் பனி எதிர்பார்த்தால் வைக்கோலை வரிசைகளுக்கு நடுவிலிருந்து வாரி, பாத்தி ஓரமாக ஒதுக்குங்கள். காய் கனக்கத் தொடங்கி, பனி ஓய்ந்ததும் மறுபடி பழத்துக்கு அடியில் பரப்பலாம்.

செடியையே வைக்கோலால் மூடுவது வேறு விஷயம். அது மைனஸ் 7-க்குக் கீழ் இறங்கும் இடங்களில், செடி உறங்கும்போது, கிரௌனைக் காக்க 10 செ.மீ. தடிமனில் செய்வது. உங்கள் குளிர் மைனஸ் 2-தான். கிரௌனுக்கு ஆபத்தே இல்லை. மூடினால் ஈரத்தில் அழுகும்.

---

தூறல் எழுதியது:

வைக்கோலை ஒதுக்குறது ராத்திரி துணி போடுறவங்களுக்கு ரொம்பவே முக்கியம். துணிக்குள்ள வைக்கோல் இருந்தா துணி போட்டும் பலன் பாதிதான்.

ஒரே ஒரு திருத்தம். 50 கிராம் துணி வெளிச்சத்தை நிறைய மறைக்கும், பகல்ல போட்டே வைக்கக் கூடாது. மூணு நாலு நாள் தொடர்ந்து குளிர் இருந்து தினமும் எடுத்து மூட முடியாதவங்க 20 கிராம் துணியை ரெண்டு அடுக்காப் போட்டு, பகல்ல ஒரு அடுக்கை மட்டும் எடுக்கலாம்.

---

கொல்லைப்புறம் எழுதியது:

தெளிவாகப் புரிந்தது. வெள்ளையாக இருந்த கிரௌன் செடிகளை எப்போது மேட்டுப்பாத்திக்கு மாற்றுவது? உரம் எப்போது, எவ்வளவு?

---

வேர்முடிச்சு எழுதியது:

மேட்டுப்பாத்தியில் வெயில் தணிந்து பகல் 28-க்குக் கீழ் இறங்கும்போது நடுங்கள். சாண்ட்லர் மொட்டு கட்டப்போகும் நேரமும் அதுதான். அதற்குள் வேர் பிடித்திருந்தால் நல்ல விளைச்சல். ஆனால் பழைய தாய்ச்செடிகளை மாற்றாதீர்கள். செங்கல் திட்டு கண்ட பாத்தி என்பதால் உள்ளிருக்கும் ரன்னர்களையும் நம்ப முடியாது. நோயற்ற புதுக்கன்று 20 வாங்கி நடுவதே என் பரிந்துரை. பழைய மண்ணை மேட்டுப்பாத்திக்குள் அள்ளிப் போடாமல் வேறு மேல்மண் கொண்டு நிரப்புங்கள். இருக்கும் இடத்தை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. தொட்டிச்செடிகள் தனியாக இருந்ததால் அவற்றில் அழுகல் அறிகுறி இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம்.

ரகம்: குறுகிய குளிரும் நீண்ட வெயிலும் உள்ள இடத்துக்கு ஸ்வீட் சார்லி, விண்டர் டான் போன்ற ஃப்ளோரிடா ரகங்கள் சீக்கிரம் காய்த்து முடித்துவிடும், வெயில் வருவதற்குள் பாதிக்கு மேல் பறித்திருப்பீர்கள். ஆல்பியனைக் கொஞ்சம் சேர்த்து வைக்கலாம்.

நடும்போது வேரை 10, 12 செ.மீ.க்குக் கத்தரித்து, மடங்காமல் விசிறிபோல் விரித்து நேராக இறக்குங்கள். மடங்கிய வேர் முதல் வெயிலிலேயே காட்டிக்கொடுக்கும். நட்ட நாலு வாரம் வரை வரும் பூவைக் கிள்ளுங்கள்.

தொழு உரம் கலந்த பாத்திக்கு முதல் மூன்று வாரம் எதுவும் வேண்டாம். புது இலை மூன்று விரிந்ததும் மண்புழு உரம் செடிக்கு ஒரு கைப்பிடி, கிரௌனிலிருந்து ஒரு சாண் தள்ளி. தொட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரவ உரம், குறிப்பிட்ட அளவில் பாதிச் செறிவு. யூரியா போன்ற தழைச்சத்தை மட்டும் தூக்கலாகக் கொடுக்காதீர்கள்; இலை செழிக்கும், பழம் மிருதுவாகி பூசணத்துக்கு இடம் கொடுக்கும். அடைமழைக்கு முந்தைய வாரத்திலும் 35 டிகிரிக்கு மேலான நாட்களிலும் எந்த உரமும் வேண்டாம். முதல் பூங்கொத்து எட்டிப்பார்க்கும்போது சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள உரத்துக்கு மாறுங்கள். பூ விரிந்ததிலிருந்து பழம் பறிக்க, குளிரில் 30 நாளோ அதற்கு மேலோ ஆகும். வெயில் ஏறினால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். கடைசி நடவுத் தேதியை அதை வைத்துப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.